நாலு வேகத்தில் எழுதிய மூன்று சீடிகள்

அன்பு மச்சான் நிப்ராஸ்,

உன் ஜனாஸாவை அடக்கிய அன்று பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து நான் உன்னை மன்னித்தேன். பத்துப் பேருக்குக் கேட்கும்படி மன்னித்தேன். அந்த மன்னிப்பைத் திருப்பி எடுக்கத்தான் இன்று எழுதுகிறேன்.

பயப்படாதே. கோபத்தில் எடுக்கவில்லை. மன்னிப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. நீ மௌத்தாகி நாலு வருடத்துக்குப் பிறகு.

இதை ஏன் எல்லாரும் பார்க்க எழுதுகிறாய் என்று கேட்பாய். உன்னைப் பொய்யன் என்று நான் சொன்னது ஆட்களுக்கு முன்னால். இல்லை என்று சொல்வதை மட்டும் உன் கபுரடியில் குனிந்து, காதுக்குள் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமா?

உனக்குத் தெரிந்த கதைதான். பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

*

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம். என் வாப்பா கட்டாரிலிருந்து வந்தார். பெட்டிக்குள் பால்மா, சவர்க்காரம், உம்மாவுக்கு ஒரு அபாயா. அடியில் துவாயால் சுற்றி, எனக்கு ஒரு சாம்பல் நிற கேம் மெஷின். அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் புதிது வந்ததும் கழித்துவிட்டது. கூடவே மூன்று ஒரிஜினல் சீடி. கொப்பி சீடியும் ஓடுவதற்கு உள்ளே சிப் போட்டிருக்கிறது என்று வாப்பா பெருமையாகச் சொன்னார். சிப் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீ புத்தளத்திலிருந்து பஸ் ஏறி கண்டக்குழிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாய். மற்றவர்கள் விளையாட அடிபட்டார்கள். நீ விளையாடவில்லை. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த, சீடியை வாசிக்கும் அந்தச் சின்னக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நீல நிறத்தில், மீன் கண் போல.

"சப்ரான், மூணு சீடிய வச்சி எத்தன நாளைக்கு விளையாடுவாய்? நான் ரைட் பண்ணித் தாறன்."

அப்போது உன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கலியாண வீடியோ, மார்க்கப் பயான், பாட்டு, எதையும் சீடியில் எழுதிக் கொடுப்பாய். அஸர் தொழுகை முடிந்தால் அந்த அறையில் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இரண்டு கதிரைதான். மற்றவர்கள் தரையில்.

மூன்று கேம் தந்தாய். ஒவ்வொரு சீடியிலும் நடு வளையத்துக்குப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு 4. நாலு வேகத்தில் எழுதியது என்று அர்த்தம். நாற்பத்தெட்டு வேகத்தில் எழுதினால் தேநீர் ஆறுவதற்குள் சீடி முடிந்துவிடும். நாலில் என்றால் ஒன்றுக்கு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். மெதுவாக எழுதினால்தான் பழைய மெஷின்கள் தடுமாறாமல் வாசிக்கும் என்றாய்.

மூன்றும் ஓடவில்லை.

மெஷினைப் போட்டதும் வெள்ளைத் திரை வரும். பிறகு கறுப்புத் திரை வர வேண்டும். கறுப்பு வந்தால் சீடியை வாசித்துவிட்டது. உன் சீடிகளுக்கு வெள்ளையோடு நின்றது. உள்ளே ஏதோ சுற்றும், மெல்ல முனகும், அடங்கும்.

நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா. உடுத்திருந்த சாரத்தால் துடைத்தேன். பற்பசை தேய்த்துக் கழுவினேன். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்கு மேலே ஒரு மணித்தியாலம் வைத்தேன். மெஷினைப் பக்கவாட்டில் நிறுத்தினேன், தலைகீழாகக் கவிழ்த்தேன். மூடிக்கு மேலே செங்கல் வைத்தேன். ஒவ்வொரு முறையும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் பொத்தானை அமர்த்தினேன். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதுக்கு ஓதித் தண்ணி ஊத்தினா ஓடுமோ?" என்றா.

ஒரிஜினல் சீடியைப் போட்டால் உடனே ஓடியது. அதுதான் என்னை ஏமாற்றியது. மெஷின் நல்லது. ஆகவே சீடி பிழை. ஆகவே நீ பிழை. பதினெட்டு வயதில் தர்க்கம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

*

அன்று பின்னேரம் உன் முன்னறையில் நடந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

"மச்சான், உன்ட மூணும் ஓடல்ல."

"ஓடல்லையா? இங்க பாத்துத்தானே தந்தன்."

"கம்ப்யூட்டர் எதையும் வாசிக்கும். நாப்பத்தெட்டுல அடிச்சிட்டு நாலு எண்டு எழுதியிருக்கிறாய்."

நீ சிரித்தாய். "நாப்பத்தெட்டுல அடிக்கிறதெண்டா நான் ஏன் மூணு சீடிக்கு ஒரு மணித்தியாலம் குந்தியிருக்கணும்? உன்ட மெஷின்ட கண்ணப் பாரு முதல்ல."

"என்ட மெஷின் ஒரிஜினல் எல்லாத்தையும் ஓட்டுது. கண் தெரியாததுக்கு ஒரிஜினல் மட்டும் தெரியுமா?"

தரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் அத்தோடு நிறுத்தியிருப்பேனா?

நீ சிரிப்பதை விட்டுவிட்டாய்.

"வல்லாஹி மச்சான். நாலுலதான் ரைட் பண்ணினன்."

அல்லாஹ்வின் மேல் சத்தியம். அதற்கு மேல் நம் ஆட்களிடம் வேறு சொல் இல்லை. அதைக் கேட்டால் எவனும் வாயை மூடிக்கொள்வான்.

நான் சொன்னேன்: "ஒரு சீடிக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாத."

ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று சீடியையும் உன் மேசையில் போட்டேன். நீ அவற்றைத் தொடவில்லை. "வீட்டுக்குப் போ" என்றாய். அவ்வளவுதான். நீ என்னோடு பேசிய கடைசி இரண்டு சொல்.

அதற்குப் பிறகு நீ சீடி எழுதுவதைக் குறைத்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். என்னாலா? பென் டிரைவ் வந்ததாலா? இன்றுவரை தெரியவில்லை.

பெருநாளுக்கு நாங்கள் புத்தளம் வருவது வழக்கம். தொழுகை முடிந்தால் எல்லாரும் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்வார்கள். நீ வலது வாசலால் போனாய். நான் இடது வாசலால். இரண்டு வருடத்தில் நாலு பெருநாள். நாலு முறையும் அப்படியே.

*

கம்பஸில் முதல் வருடம் இருந்தேன். உம்மா கோல் எடுத்தா. உனக்கு டெங்கு என்று சொல்லவும் இல்லை, வருத்தம் கூடிவிட்டது என்று சொல்லவும் இல்லை. நேரே, "நிப்ராஸ் போயிட்டான் மனே" என்றா. இருபத்தொரு வயது. ஆறு நாள் காய்ச்சல்.

கண்டிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். நீ கோபமாக இருக்கவில்லை. எப்படியும் இருக்கவில்லை.

பள்ளி முற்றத்தில், தொழுகைக்கு முன், உன் வாப்பா எழும்பி நின்றார். என் உம்மாவின் கூடப்பிறந்தவர். எனக்கு மாமா. ஜனாஸாவுக்கு வந்தவர்களிடம் மௌத்தானவருக்காக மாப்பு கேட்பது நம் வழக்கம். அதை வேறு யாரும் கேட்கலாம். மாமா தானே கேட்டார்.

"என்ட மகன் உங்கள்ல யாருக்காவது கையால, வாயால நோவு குடுத்திருந்தா, அல்லாஹ்வுக்காக அவன மன்னிச்சிடுங்க. மன்னிச்சு அனுப்பி வைங்க."

"மன்னிச்சோம், மன்னிச்சோம்" என்று முற்றம் முழுவதும் முணுமுணுத்தது. அது அடங்கிய பிறகு என் குரல் தனியாக வந்தது.

"நானும் மன்னிச்சிட்டன் மாமா."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். பெருந்தன்மையில் அழுவது எவ்வளவு சுகமானது என்று உனக்குத் தெரியுமா, மச்சான்? நான் அன்று அந்தச் சுகத்தில் நின்றேன். உன்னை உன் பொய்யோடு ஏற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது.

மாமா அந்தப் பார்வையை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

*

இனி போன மாதம்.

பரீட்சை தள்ளிப்போனதால் வீட்டில் இருக்கிறேன். நீ பார்த்த கண்டக்குழி இல்லை இது. கரையோரம் லொட்ஜ் வந்துவிட்டது. வெள்ளைக்காரர் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே பறக்கிறார்கள். நம் ஆட்கள் வலையைக் காயப் போட்டுவிட்டு அதை வேடிக்கை பார்க்கிறார்கள். வாப்பாவுக்குச் சீனி வருத்தம். ஊசி போடுகிறார். உம்மா அப்படியே.

ஒரு சனிக்கிழமை காலை, உன்னை நானா என்று கூப்பிடும் உன் தங்கை ரிஸ்னா வந்தாள். அவள் இப்போது புத்தளத்தில் முன்பள்ளி ரீச்சர். பிள்ளைகளோடு பேசிப் பேசி எல்லாரையும் அதட்டுகிறாள். கைப்பைக்குள்ளிருந்து மூன்று சீடியை எடுத்து என் முன்னால் வைத்தாள். நடு வளையத்துக்குப் பக்கத்தில் 4, 4, 4.

"உங்கட மெஷின் இருக்கா மச்சான்?"

"அலுமாரிக்கு மேல கிடக்கு. ஏன்?"

"எனக்கு ஒரு விஷயம் தெரியணும்."

மாமா உம்ராவுக்குப் போகப் போகிறாராம். மூன்று வாரம்தான் இருந்தது. மக்காவுக்குப் போகிறவர்கள் போகுமுன் வீடு வீடாய் மாப்பு கேட்பார்கள் அல்லவா. அவரும் கேட்டு வருகிறார். கண்டக்குழிக்கும் வருவதாக இருக்கிறார். தனக்காக இல்லை. உன் பெயரால் என்னிடம் மாப்பு கேட்க.

"ஜனாஸா அண்டைக்கு நீங்க தனியாச் சொன்னீங்க. வீட்டுக்கு வந்ததும், 'சப்ரானுக்கு இவன் என்ன செஞ்சவன்?' எண்டு வாப்பா என்னக் கேட்டாரு. நான் நானாட சத்தியத்தச் சொன்னன். மௌத்தாகி நாப்பது நாள் முடிய முன்ன வாப்பா மூணு நோம்பு பிடிச்சாரு."

"என்னத்துக்கு?"

"பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம். நானா பிடிக்காமப் போயிட்டாரு எண்டு."

அவள் ஒரு சீடியைக் கையில் எடுத்தாள்.

"வாப்பா உங்கட வாசல்ல வந்து நிக்க முந்தி எனக்குத் தெரியணும். இது ஓடினா ஓடட்டும். ஓடாட்டி அதையும் போய்ச் சொல்லுவன். எனக்குப் பயமில்ல."

பயமாகத்தான் இருந்தது அவளுக்கு. எனக்கு வேறு மாதிரிப் பயம். ஓடக்கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். ஓடாவிட்டால் நான் சரி. இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

*

மெஷினை இறக்கினேன். பொலித்தீன் பைக்குள், முடிச்சுப் போட்டு, அன்று வைத்தபடி இருந்தது. வயரை டீவியில் குத்தினேன். ஒரிஜினல் சீடி ஒன்றைப் போட்டேன். வெள்ளை, கறுப்பு, பாட்டு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஓடியது.

உன் சீடியைப் போட்டேன். வெள்ளை. முனகல். வெள்ளை.

இரண்டாவது. மூன்றாவது. வெள்ளை.

ரிஸ்னா திரையைப் பார்க்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி, மூடியைத் தானே திறந்தாள். குனிந்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"இதென்ன மச்சான் வாசம்? உங்கட மெஷினும் ஜும்ஆவுக்குப் போறதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறந்தே போயிருந்தேன். "ஓம். வந்த முதல் வெள்ளிக்கிழமையே அத்தர் பூசி விட்டுட்டன்."

"எங்க பூசின?"

"கண்ணுலதான். தூசியா இருந்த. ஸ்பிரிட்டால துடைச்சா நல்லம் எண்டு ஆரோ சொன்னாங்க. அத்தரும் ஸ்பிரிட்டும் ஒண்டுதானே எண்டு, வாப்பாட போத்தல்ல பஞ்ச நனைச்சி..."

ஒரு பகிடியாகத்தான் சொல்லத் தொடங்கினேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தபோது வசனம் பாதியில் நின்றது.

"அத்தர் எண்ணெய் மச்சான்."

"ஓம்."

"நானா சீடி தந்த அதுக்கு முந்தியா, பிந்தியா?"

நீ வந்து போனது வியாழக்கிழமை. அத்தர் பூசியது அடுத்த நாள். உன் சீடிகள் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

"முந்தி" என்றேன்.

காதுக்குப் பின்னால் பூசுவது. உடுப்பில் பூசுவது. வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான், மச்சான். அன்பில்தான் பூசினேன். குளித்து, தொழுகைக்குப் போகுமுன், கண்ணுக்குச் சுர்மா போடுவது போல.

ரிஸ்னா எழும்பி, வாப்பாவின் ஊசி மருந்துப் பெட்டிக்குள் கை விட்டாள். ஊசிக்கு முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு, ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலமாக. ஒன்றைக் கிழித்துச் சின்னதாக மடித்து, கண்ணை மெல்ல ஒற்றினாள். பஞ்சில் மங்கலாய் ஒரு தேயிலைச் சாய நிறம். இரண்டாவது பஞ்சிலும். மூன்றாவது வெள்ளையாக வந்தது. ஊதாதீங்க, தானாகக் காயட்டும் என்று என்னை அதட்டினாள். காயும்வரை காத்திருந்தோம்.

"நானா சொல்லுவாரு" என்றாள் காத்திருந்த நேரத்தில். "ஒரிஜினல் சீடி வெளிச்சத்த நல்லாத் திருப்பி அனுப்புமாம், கண்ணாடி மாதிரி. நாம எழுதுறது மங்கலாத்தான் அனுப்புமாம். நல்ல கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். கலங்கின கண்ணுக்கு ஒரிஜினல் மட்டும்தான் தெரியும் எண்டு."

உன்ட மெஷின்ட கண்ணப் பாரு. நீ சொன்னாய். நான் அதற்கு ஒரு பகிடி சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள்.

சீடியைப் போட்டாள். நான் பிஸ்மில்லாஹ் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

வெள்ளை.

கறுப்பு.

கார் ஓட்டும் கேம். சிவப்பு நிறக் கார் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டு நின்றது. தொடங்கச் சொல்லிப் பாட்டுப் போட்டது. நாங்கள் தொடங்கவில்லை. மற்ற இரண்டையும் போட்டோம். கறுப்பு. கறுப்பு. உம்மா குசினியிலிருந்து வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, "யாருக்கு என்ன?" என்று பதறினா.

அழுதது யார் என்று எழுத மாட்டேன்.

*

அடுத்த நாளே புத்தளத்துக்குப் போனேன். மாமா உப்பளத்தில் இருந்தார். மத்தியான வெயில். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வரம்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். கண் கூசியது. அவர் முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தரையும் சொன்னேன். அவர் பலகையை நிறுத்தவில்லை. ஒரு பாத்தி முடிந்தது.

நான் படித்தவன் அல்லவா. சும்மா இருக்க முடியவில்லை. "ஆனா மாமா, சீடி ஓடினதால அவன் நாலுலதான் எழுதினான் எண்டு ஒப்புவிக்க ஏலாது. வேற வேகத்துல எழுதியிருந்தாலும் ஓடியிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. பிழை என்ட பக்கம் எண்டது மட்டும்தான் தெரியும்."

அப்போதுதான் பலகையைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அவன் நாலு எண்டான். நீ இல்ல எண்டாய். நான் நோம்பு பிடிச்சது உன்ட சொல்லுக்கு. அந்தச் சொல்ல நீ இப்ப எடுத்திட்டாய். மத்ததுக்கு என்ட மகன் சொன்னது எனக்குப் போதும்."

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உப்பளத்தில் உட்கார இடமில்லை.

"நாலு வருஷம்டா" என்றார். சத்தமாக இல்லை. "கபுரடிக்குப் போனா, ஸலாம் சொல்லிட்டு, 'ஏன் வாப்பா சத்தியம் பண்ணின, ஒரு விளையாட்டுச் சாமானுக்கு?' எண்டு கேப்பன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டிருக்கன். என்ட பிள்ள பதில் சொல்ல ஏலாமக் கிடந்தான்."

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு, கடைக்கு அனுப்புகிற மாதிரி ஒரு குரலில் கேட்டார்:

"அண்டைக்கு அறைக்குள்ள எத்தன பேர் இருந்த?"

"எட்டுப் பேர்."

"பேரைச் சொல்லு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறாவது பெயர் வரவில்லை. யோசித்துச் சொல்லும்வரை வெயிலில் காத்திருந்தார்.

"எட்டுப் பேருக்கும் நீதான் சொல்லணும். நான் சொன்னா, மகனுக்காக வாப்பா கதைக்கிறாரு எண்டு நினைப்பாங்க. நான் போக முன்ன சொல்லி முடி. அங்க போய் துஆ கேக்கக்குள்ள எனக்கு இதுல பாரம் இருக்கக் கூடாது."

"என்ன மன்னிப்பீங்களா மாமா?"

"என்ட பங்க மன்னிச்சிட்டன். அவன்ட பங்கு அவன்ட்டதான் இருக்கு. அதுல நான் கை வைக்க ஏலாது."

பிறகு, "வெயில்ல நிக்காத. மாமிட்டப் போய்ச் சாப்பிடு" என்றார். மாமியிடம் போனேன். பாரை மீன் ஆணம் வைத்திருந்தா. அவவுக்குச் செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருந்தா. நான் போதும் என்று சொல்லவில்லை.

*

ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன்.

ஐந்து பேர் புத்தளத்திலேயே இருக்கிறார்கள். ஒருவன் சிலாபத்தில் மீன் லொறி ஓட்டுகிறான். சந்தையில் லொறிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். "இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?" என்று கேட்டுவிட்டு, பிளேன்ரீ வாங்கித் தந்தான்.

ரிகாஸ் கட்டாரில். கோல் எடுத்தேன்.

"எந்த சீடிடா?" என்றான்.

அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. மெஷின் இல்லை, சத்தியம் இல்லை, சிரித்தது இல்லை. ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அவனே சொன்னான்: "நிப்ராஸ் பாவம். நல்ல பொடியன். என்ன, கொஞ்சம் பொய் சொல்லுவான்."

"யார் சொன்ன?" என்று கேட்டேன்.

யோசித்தான். "தெரியா. அப்பிடித்தானே?"

மச்சான், இதுதான் நான் செய்தது. சீடியை மறந்துவிட்டான். என்னை மறந்துவிட்டான். நான் சொன்னது மட்டும், ஆளில்லாமல், அவனுடைய நினைப்பாகவே அங்கே இருக்கிறது. அரை மணித்தியாலம் கதைத்தேன். அத்தர் கதையைக் கேட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். இந்தச் சிரிப்பு என் மேல். கடைசியில் "அப்ப அவன் பொய் சொல்லல்ல" என்றான். இன்னொரு முறை சொல்லு என்றேன். சொன்னான்.

எங்கெல்லாம் போயிருக்கும் அது? ரிகாஸ் யாருக்குச் சொன்னான்? அவர்கள் யாருக்கு? நீ வேலை கேட்டுப் போன இடங்களில் யாராவது உன்னை ஒரு மாதிரிப் பார்த்தார்களா? காய்ச்சலில் படுத்திருந்த ஆறு நாளில் ஒரு நாளாவது என் ஞாபகம் வந்ததா? வந்தால் எப்படி வந்தது?

நான் அதைக் கேட்கும் தகுதியில் இல்லை என்று தெரியும்.

அன்று அந்த முற்றத்தில் கொடுப்பவனாக நின்றேன். இனிக் கேட்பவன். உன் பங்கு உன்னிடம் இருக்கிறது. அவசரப்பட மாட்டேன். உன்னைப் போல மெதுவாகச் செய்யப் பழகுகிறேன்.

எட்டாவது ஆள் ஹிஷாம். அவன் குடும்பம் வடக்கே முசலிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. தொண்ணூறில், முஸ்லிம்கள் யாரும் இருக்கக் கூடாது என்று இயக்கக்காரர் நம் பெரியவர்களை எழுப்பி அனுப்பிய அதே ஊர். காட்டை வெட்டி, கூடாரம் போட்டு, இப்போது கல்வீடாம். போன் நம்பர் ஒருவரிடமும் இல்லை. அனுராதபுரம் போய்ச் சுற்றித்தான் போக வேண்டும். மாமா போக இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

அந்த ஊரை நீ பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அங்கே எந்தப் பனை யாருடையது, எந்தக் கிணறு உப்பு என்று மாமா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எனக்கு ஒருவரையும் தெரியாது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன். ஹிஷாமை எப்படியும் தேடிப் பிடிப்பேன். வயலில் நின்றால் வயலில் வைத்து, பள்ளியில் நின்றால் பள்ளியில் வைத்து, பக்கத்தில் ஆட்கள் நின்றால் அவர்களுக்கும் கேட்கும்படி சொல்வேன். நிப்ராஸ், என் மாமாவின் மகன், சத்தியம் பண்ணினான், அது உண்மை என்று. நம் வாப்பாமார் பிறந்த மண்ணில் நம்மில் ஒருவன் சொல்லும் முதல் வார்த்தை அதுவாக இருக்கும்.

உன் மாமியின் மகன்,
சப்ரான்